மூன்று கிண்ணம், நான்கு பேர்

சீனத் தேநீர் என்றால் இப்போதெல்லாம் ஒரே படம்தான். ஆளரவமற்ற அறை, கோரைப்பாய், ஊதுவத்திப் புகை, தளர்வான பருத்தி உடையில் தனியாக ஒருவர், மூடிய கண்கள், ஒரு மிடறு தேநீர். காணொளிகள் இதைத்தான் காட்டுகின்றன. நலவாழ்வு முகாம்களின் அழைப்பிலும் தேயிலை விற்போரின் விளம்பரத்திலும் இதுதான் இருக்கிறது. சீனர்களின் தேநீர் முறை ஐயாயிரம் ஆண்டுப் பழமையான தியானம், மௌனமும் தனிமையும் அதன் உயிர், தேநீர் போடுகிறவர் தன் உள்ளத்தோடு மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறார் என்கிற கருத்து யாரும் கேள்வி கேட்காமலே நிலைத்துவிட்டது. நன்றாகப் படித்தவர்களும் இதை அப்படியே எடுத்துச் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இது தவறு. போனால் போகிறது என்று விட்டுவிடக்கூடிய தவறும் இல்லை. தியானப் படத்துக்கு மாதிரியாகக் காட்டப்படுவது பெரும்பாலும் கோங்ஃபூ தேநீர் என்ற முறை. சீனத்தின் தென்கிழக்குக் கரையில் சாவ்சௌ, சாங்சௌ, சுவான்சௌ ஆகிய ஊர்களைச் சுற்றி வளர்ந்தது அது. அதன் பாத்திரங்களை எடுங்கள், அளவை எடுங்கள், ஊற்றும் விதத்தை எடுங்கள், யார் முதலில் குடிப்பது என்ற வரிசையை எடுங்கள். பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை வைத்தே ஒவ்வொன்றும் அமைந்திருக்கிறது. அவர்களை எழுப்பி அனுப்பிவிட்டால் அந்த முறையில் பாதிக்கு வேலையே இல்லை.

குவாங்டாங் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் சாவ்சௌவில் ஒரு சாதாரணக் கடையில் நடப்பதைப் பார்ப்போம். உள்ளங்கைக்குள் அடங்கும் சிவப்புக் களிமண் கெண்டி. ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் கொள்ளும். அதில் முக்கால்வாசிக்கு, அருகிலுள்ள ஃபெங்ஹுவாங் மலையில் விளையும் ஊலாங் இலை. கொதிநீரை உயரத்திலிருந்து ஊற்றுகிறார்கள். மேலே திரளும் நுரையை மூடியால் வழித்துத் தள்ளுகிறார்கள். கெண்டியின் வெளிப்புறத்திலும் வெந்நீர் ஊற்றிச் சூடு குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்று உருட்டி வெந்நீரில் அலசுகிறார்கள். இலை இவ்வளவு அடர்த்தியாக இருப்பதால் சில நொடிகளுக்கு மேல் ஊறவிட முடியாது, விட்டால் கசந்துவிடும்.

முறையின் மையம் அடுத்துத்தான் வருகிறது. இப்படி ஊறிய தேநீரில் முதலில் விழுவது வெளிறியிருக்கும், கடைசியில் சொட்டுவது கடுமையாக இருக்கும். ஒரு கிண்ணத்தை நிரப்பிவிட்டு அடுத்ததுக்குப் போனால், முதல் ஆளுக்குச் சாயம் போன தண்ணீரும் கடைசி ஆளுக்குக் கஷாயமும்தான் கிடைக்கும். அதனால் கிண்ணங்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்து, கெண்டியைத் தாழ்த்திப் பிடித்து, நிறுத்தாமல் சுற்றிச் சுற்றி ஊற்றுகிறார்கள். தளபதி குவான் யூ நகரைச் சுற்றி வருகிறார் என்று இதற்குப் பெயர். கெண்டியில் மிஞ்சும் கெட்டியான சொட்டுகளை ஒவ்வொரு கிண்ணத்திலும் மாறி மாறி விடுவதற்கு, தளபதி ஹான் சின் படையை எண்ணுகிறார் என்று பெயர். இருவரும் சீனப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பழைய வீரர்கள். தனியாகக் குடிப்பவருக்கு இதெல்லாம் எதற்கு? ஒரே கிண்ணம் என்றால் சுற்றவும் வேண்டாம், பங்கிடவும் வேண்டாம். பந்தியில் கடைசி இலைக்கும் முதல் இலைக்குப் போன அதே சாம்பார் போய்ச் சேரவேண்டும் என்று கவலைப்படுகிற பரிமாறுபவரின் கவலைதான் இங்கே ஒரு கைவித்தையாக வளர்ந்திருக்கிறது.

தட்டில் இப்போது வழக்கமாக இருப்பவை மூன்று கிண்ணங்கள். நான்கு பேர் வந்தாலும் மூன்று, ஆறு பேர் வந்தாலும் மூன்று. இதைச் சிக்கனம் என்று நினைக்கிறவர்கள் அந்தத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து பார்க்க வேண்டும். கிண்ணம் குறைவு என்பதால் யாராவது ஒருவர் காத்திருந்தே ஆகவேண்டும். பெரியவருக்கும் விருந்தாளிக்கும் முதல் சுற்று. தேநீர் போடுகிறவர் கடைசியில். நீங்கள் எடுங்கள், இல்லை நீங்கள் எடுங்கள் என்று ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறு உபசாரம் நடக்கிறது. குடித்த கிண்ணங்களை வெந்நீரில் அலசி அடுத்த சுற்று ஊற்றுகிறார்கள். நடுவில் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தால் பழைய இலையைக் கொட்டிவிட்டுப் புது இலை போடுவதுதான் மரியாதை. இல்லாவிட்டால் வந்தவர் தன்னை மதிக்கவில்லை என்று நினைப்பார். சிறிய கெண்டிக்கும் இதுவே காரணம். பெரிய பாத்திரத்தில் ஒரே தடவை போட்டு ஊற்றிக் கொடுத்தால் குடித்துவிட்டு எழுந்து போய்விடலாம். சிறிய கெண்டி யாரையும் எழவிடாது. ஏழெட்டுத் தடவை வெந்நீர் மாறும்வரை பேச்சும் போய்க்கொண்டே இருக்கும்.

கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் பாக் குட் தே என்ற பன்றி விலா சூப்பு விற்கும் கடைகளைக் கடந்து போகிற தமிழர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மேசை ஓரத்தில் கொதிக்கும் கெட்டில், தட்டில் சிறு கெண்டி, கைவிரல் நுனியில் பிடிக்கும் கிண்ணங்கள், சுற்றிலும் உரத்த குரலில் ஹொக்கியன் பேச்சு அல்லது சாவ்சௌக்காரர்களின் தியோச்சியூ பேச்சு. அங்கே யாரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை.

பழைய நாளில் அது தியானமாக இருந்து பின்னால் அரட்டையாகச் சீரழிந்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எழுத்துச் சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. கவிஞரும் சாப்பாட்டு ரசிகருமான யுவான் மெய் 1786-இல் தம் எழுபதாவது வயதில் வூயீ மலைக்குப் போனார். அதுவரை அந்த மலைத் தேநீரை மருந்துபோல் கசக்கிறது என்று ஒதுக்கியிருந்தவர் அவர். அங்கே துறவிகள் போட்டி போட்டுக்கொண்டு அவருக்குத் தேநீர் கொடுத்தார்கள். கிண்ணம் அக்ரூட் கொட்டை அளவே இருந்தது. மணம் முகர்ந்து மெல்ல மெல்லச் சுவைத்தபோதுதான் அவர் மனம் மாறியது. இந்தக் குறிப்பில் தியானப் பிரியர்கள் துறவிகளை மட்டும் பார்க்கிறார்கள். அந்தத் துறவிகள் செய்துகொண்டிருந்தது விருந்தோம்பல். ஊருக்குப் புதிதாக வந்த ஒரு மனிதரின் கருத்தை மாற்றியது அவர்களுடைய உபசாரம்.

அடுத்த சான்று இன்னும் அழுத்தமானது, ஆனால் விளம்பரங்களில் ஒருபோதும் வராதது. கோங்ஃபூ தேநீரைப் பெயர் சொல்லி, அடுப்பு கெண்டி கிண்ணம் எனப் பாத்திர வாரியாக விரித்து எழுதிய முதல் நூல்களில் ஒன்று யூ ஜியாவ் என்ற சிறு அதிகாரியுடையது. 1801-ஐ ஒட்டி வெளிவந்தது. அவர் அந்தத் தேநீரைக் குடித்த இடம் கோயில் இல்லை, மலைக்குகை இல்லை. சாவ்சௌ வழியாக ஓடும் ஹான் ஆற்றில் மிதந்த கணிகையரின் படகுகள். அடுப்பு ஒன்று, கெண்டி ஒன்று, தட்டு ஒன்று, கிண்ணம் மட்டும் வந்திருக்கும் விருந்தாளிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்று அவர் குறித்துவைத்திருக்கிறார். இந்த முறையை ஒரு வரியில் விளக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். அந்தப் படகுகளை நினைத்து ஏங்க ஒன்றுமில்லை. பணம் கொடுத்த ஆண்களுக்காகத் தேநீர் போட்ட பெண்களின் உழைப்பு அது, அந்தப் பெண்களுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. தியானக் கதை அந்தப் பெண்களையும் சேர்த்தே அழித்துவிடுகிறது. அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு கற்பனைத் துறவியை உட்கார வைக்கிறது. இந்தக் கதையின் மேல் எனக்குள்ள கோபத்தில் பெரும் பங்கு இதற்குத்தான்.

ஐயாயிரம் ஆண்டுக் கணக்கை நீட்டிப் பேசத் தேவையில்லை. அது ஷென்நோங் என்ற புராண அரசரை வைத்துச் சொல்லப்படுவது. தாங் காலத்தில் தேயிலையைப் பொடித்து உப்புப் போட்டுக் கொதிக்கவைத்தார்கள். சோங் காலத்தில் மாவாக அரைத்துக் கிண்ணத்திலேயே நுரைக்க அடித்தார்கள். யாருடைய நுரை நெடுநேரம் நிற்கிறது என்று பந்தயமும் வைத்தார்கள். மிங் வம்சத்தின் முதல் பேரரசர் 1391-இல் கட்டித் தேயிலையைத் திறையாக வாங்குவதை நிறுத்திய பிறகுதான் இலையாகவே ஊறவைத்துக் குடிப்பது நாடெங்கும் வழக்கமானது. இப்போது தொன்மையின் சின்னமாகக் காட்டப்படும் யீசிங் களிமண் கெண்டி அதற்கும் பிந்தியது.

ஆனால் இந்த மாறுதல்களுக்கு நடுவே மறையாத ஒன்று உண்டு. எட்டாம் நூற்றாண்டில் லூ யூ எழுதிய தேநீர் நூல், ஒரு முறை கொதிக்கவைத்ததில் சிறந்தவை முதல் மூன்று கிண்ணங்களே என்கிறது. ஐந்து பேர் வந்திருந்தால் மூன்று கிண்ணங்களைச் சுற்றுக்கு விடலாம், ஏழு பேர் என்றால் ஐந்து என்றும் கணக்குச் சொல்கிறது. ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன்பே ஆட்களைவிடக் கிண்ணம் குறைவு. தேநீர் போடும் விதம் தலைகீழாக மாறியும் இதே கணக்கை இன்றும் சாவ்சௌவில் பார்க்கலாம்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதங்கள் இரண்டு. அவற்றை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மை ஆகாது.

முதலாவது பௌத்தம். ஜப்பானில் ஜென் என்று பெயர்பெற்ற சான் பௌத்தத்தின் துறவிகள் தியானத்தில் தூங்கிவிடாமலிருக்கத் தேநீர் குடித்தார்கள், வடசீனத்தில் தேநீர் பரவியதே அதனால்தான் என்பார்கள். இதற்கு மேற்கோள் காட்டப்படுவது ஃபெங் யான் என்ற தாங் கால அதிகாரியின் குறிப்பு. எட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் தாய் மலையில் இருந்த லிங்யான் மடத்தில் இரவு உணவு இல்லாத துறவிகளுக்குத் தேநீர் மட்டும் அனுமதிக்கப்பட்டது என்று அவர் எழுதியது உண்மை. மேற்கோள் வழக்கமாக இங்கே நின்றுவிடும். ஃபெங் யான் நிற்கவில்லை. ஷான்டோங் பக்கத்து ஊர்களிலிருந்து தலைநகரம் வரை தேநீர் கொதிக்கவைத்து விற்கும் கடைகள் பெருகியதையும், துறவியா இல்லறத்தாரா என்று யாரும் கேட்காமல் காசு போட்டவர் எல்லாரும் வாங்கிக் குடித்ததையும் தொடர்ந்து சொல்கிறார். மடத்துக்குள்ளும் தேநீர் தனிமையின் துணையாக மட்டும் இருக்கவில்லை. 1103-இல் தொகுக்கப்பட்ட சான் மடங்களின் ஒழுங்கு நூலில் தேநீர் உபசாரத்துக்கென்றே நீண்ட விதிகள் இருக்கின்றன. யார் யாரை அழைப்பது, யார் எங்கே உட்காருவது, எப்படி வணங்குவது என்று சபை நடத்தும் விதிகள் அவை.

இரண்டாவது வாதம் மிங் காலப் படிப்பாளிகள். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாங் யுவான் எழுதிய சிறு நூலில் தனியாகக் குடிப்பதுதான் உயர்வு. ஆள் கூடக்கூட மதிப்பு இறங்குகிறது. ஏழெட்டுப் பேருக்கு ஊற்றினால் அது தானதர்மம் என்கிற அளவுக்குப் போய்விடுகிறார். இதை நான் மறுக்கவில்லை. தனிமையை விரும்பிய ஒரு வட்டம் சீனத்தில் இருந்தது. ஆனால் ஏழெட்டுப் பேர் வந்து உட்காருவது வழக்கமாக இல்லாவிட்டால் அதைக் கண்டிக்க ஒரு நூல் எதற்கு? அதே தலைமுறையைச் சேர்ந்த சூ சிஷூ 1597-ஐ ஒட்டி எழுதிய நூலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவரும் கூட்டத்தை விரும்பாதவர்தான். இருந்தும் நல்ல தேநீருக்கு உரிய நேரமாக அவர் சொல்வது, ஒத்த மனம் கொண்ட நண்பர்கள் கூச்சம் விட்டுப் பேசி, வாதாடி, தம்மை மறந்திருக்கும் வேளையை. ஐந்தாறு பேர் என்றால் இரண்டு அடுப்பு வையுங்கள் என்றும் சொல்லித் தருகிறார். தேநீரைச் சிலருக்கே உரியதாக்க நினைத்தவர் கூடப் பேச்சை விலக்கவில்லை.

அப்படியானால் மௌனத் தேநீர் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி தைவானிலிருந்து, அதுவும் அண்மையில். அங்கே 1970-கள் வரை சிறு கெண்டித் தேநீர் என்றால் கிழவர்களின் தேநீர். கோயில் வாசலிலும் தெருமுனையிலும் வயதானவர்கள் கூடிக் குடிப்பது, யாரும் பெருமையாக நினைக்காதது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் அதற்குத் தேநீர்க் கலை என்ற புதுப் பெயரும் புதுக் கருவிகளும் புது மேடையும் கிடைத்தன. முகர்வதற்கென்று உயரமான தனிக் கிண்ணம் வந்தது. கெண்டியிலிருந்து மொத்தத்தையும் முதலில் கொட்டிக்கொண்டு பிறகு பகிரும் குடுவை வந்தது. ஐம்பது ஆண்டுகள் ஜப்பானிய ஆட்சியில் இருந்த தீவு அது. ஜப்பானியத் தேநீர்ச் சடங்கின் ஒழுங்கும் அடக்கமும் இந்தப் புதுக் கலையின் மேல் படிந்ததை வரலாற்றாசிரியர் லாரன்ஸ் ஜாங் 2016-இல் எழுதிய கட்டுரையில் விரிவாகக் காட்டியிருக்கிறார். பிறகு அது பெருநிலச் சீனத்துக்குப் போய், அங்கிருந்து தொன்மையான சீன மரபாக உலகத்துக்கு ஏற்றுமதியானது. புதிதாக உருவான கலை என்பதற்காக அதைக் குறைசொல்ல மாட்டேன். அதை ஐயாயிரம் ஆண்டு மரபு என்று விற்பதுதான் குறை. ஜப்பானியர்களுக்கும் இதில் நியாயம் செய்யப்படவில்லை. அவர்களுடைய சடங்கிலும் விருந்தளிப்பவரும் விருந்தாளிகளும் உண்டு, கெட்டித் தேநீர் ஒரே கிண்ணத்தில் கை மாறிச் சுற்றுகிறது.

தைவானியக் கலையே முழுதும் தனிமைக்குப் போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1990-ஐ ஒட்டி அங்கே சாய் ரோங்சாங் உருவாக்கிய 'வூவோ' தேநீர்க் கூட்டத்தில் உண்மையாகவே யாரும் பேசுவதில்லை. ஆனால் எல்லாரும் வட்டமாக உட்காருகிறார்கள், யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டு முடிவு செய்கிறது, ஒவ்வொருவரும் நான்கு கிண்ணம் போட்டு மூன்றைப் பக்கத்திலிருக்கும் அன்னியர்களுக்குக் கொடுத்துவிட்டு ஒன்றைத் தமக்கு வைத்துக்கொள்கிறார்கள். வாய் மூடியிருக்கும்போதும் தேநீர் அடுத்தவருக்குத்தான் போகிறது.

சாவ்சௌவை விட்டு மேற்கே சிச்சுவானுக்குப் போனால் பாத்திரம் வேறு, மேசை வேறு. செங்டு நகரத் தேநீர்க்கடைகளில் மூடியும் தட்டும் கொண்ட கிண்ணம் ஆளுக்கு ஒன்று. அங்கே கிண்ணம் தனி, இடம் பொது. 1900 முதல் 1950 வரையிலான அந்தக் கடைகளை ஆராய்ந்து வாங் டி 2008-இல் ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார். வியாபாரம் பேசுவது அங்கே, வேலை தேடுவது அங்கே, கதை கேட்பது அங்கே. வழக்கு என்றால் நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன் இரு தரப்பும் ஒரு தேநீர்க்கடையில் கூடும். ஊரில் மதிப்புள்ள ஒருவர் நடுவில் உட்கார்ந்து பஞ்சாயத்துச் செய்வார். தப்பு யார் பக்கம் என்று முடிவாகிறதோ அவர் எல்லாருடைய தேநீருக்கும் காசு கொடுக்க வேண்டும். பாவ்கே என்ற இரகசியச் சங்கத்தார் மேசையில் கிண்ணங்களை அடுக்கும் விதத்திலேயே செய்தி சொன்னார்கள். பெண்கள் உள்ளே வருவதை அதிகாரிகள் தடுத்ததும் உண்டு. எல்லாருக்கும் திறந்த சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அது ஊரின் பொது இடமாக இருந்தது, அதனாலேயே அங்கே யார் நுழையலாம் என்பதில் சண்டையும் இருந்தது.

அரசுகளுக்கு இது நன்றாகத் தெரியும். லாவ் ஷெ 1957-இல் வெளியிட்ட 'தேநீர்க்கடை' நாடகத்தில் அரசியல் பேசாதீர்கள் என்ற அறிவிப்பு பெய்ஜிங் கடையின் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். காட்சி மாறி ஆட்சி மாற மாற அதன் எழுத்து பெரிதாகிக்கொண்டே போகும். நாடகாசிரியர் கற்பனையாக எழுதிய வழக்கமல்ல அது. பழைய சீனத் தேநீர்க்கடைகளில் அப்படி எழுதி வைத்திருந்தார்கள். தியானம் நடக்கும் இடத்தில் அந்தப் பலகைக்கு என்ன வேலை? தைவானின் தேநீர்க் கலைக்கே முகவரியாகிவிட்ட தைப்பேயின் விஸ்டேரியா தேநீர் இல்லம் 1981-இல் தொடங்கியபோது தீவில் இராணுவச் சட்டம் அமலில் இருந்தது. அதன் மேசைகளில் கூடியவர்களில் ஆளும் கட்சியை எதிர்த்தவர்களும் எழுத்தாளர்களும் இருந்தார்கள். இராணுவச் சட்டம் விலக்கப்பட்ட 1987 வரை அவர்கள் அங்கே உட்கார்ந்து செய்தது மூச்சுப் பயிற்சி இல்லை.

இவ்வளவு விரிவாக வாதாடக் காரணம் உண்டு. ஒரு பொருளின் வரலாறு திரிவது மட்டும் இங்கே பிரச்சினை இல்லை. தியானக் கதை தேநீரிலிருந்து ஒரு கடமையை எடுத்துவிடுகிறது. சாவ்சௌ முறையில் கெண்டியைப் பிடித்திருப்பவர்தான் கடைசியில் குடிக்கிறார், கிண்ணம் காலியாகிவிட்டதா என்று கவனித்துக்கொண்டே இருக்கிறார், வந்தவருக்காக நல்ல இலையைக் கொட்டி வேறு இலை போடுகிறார். அவருடைய திறமை முழுதும் மற்றவர்களின் நாக்குக்காகச் செலவாகிறது. இதையெல்லாம் நீக்கிவிட்டு, உனக்காக நீயே போட்டுக்கொள், உன்னை நீயே கவனித்துக்கொள் என்று மாற்றினால் மிஞ்சுவது விலை உயர்ந்த பானம் ஒன்றும் ஒற்றை ஆள் தேநீர்ப் பெட்டியும்தான். தனியாக ஒருவர் அமைதியாகத் தேநீர் குடிப்பதில் எந்தத் தவறும் இல்லை. அதைச் சீன மரபு என்று அழைக்கும்போதுதான் நான் குறுக்கிடுகிறேன்.

பாதிப்பு அந்த ஊர்க்காரர்களுக்கும் போய்ச் சேருகிறது. பட்டறையில் எண்ணெய்க் கறையோடு உட்கார்ந்து, வண்டி பழுதுபார்க்க வந்தவருக்கு மூன்று கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்கும் மெக்கானிக்கைப் பார்த்துவிட்டு, உண்மையான சடங்கு எங்கே நடக்கிறது என்று கேட்கிறார் தியானப் படத்தை நம்பி வந்த பயணி. உண்மையானது அவர் கண்முன்னே நடக்கிறது. சாவ்சௌ கோங்ஃபூ தேநீர் 2008-இல் சீன அரசின் மரபுப் பட்டியலில் ஏறியது. 2022 நவம்பர் 29 அன்று மொராக்கோவின் ரபாத் நகரில் கூடிய யுனெஸ்கோ குழு ஏற்றுக்கொண்ட சீனத் தேநீர்ப் பதிவில் அடங்கிய 44 வழக்கங்களில் அதுவும் ஒன்று. தேயிலை பதப்படுத்தும் நுட்பங்களும் அவற்றோடு சேர்ந்த சமூக வழக்கங்களும் என்பதே அந்தப் பதிவின் தலைப்பு. தியானம் என்று தலைப்பில் இல்லை. அந்த மெக்கானிக்கின் தட்டைச் சுற்றி நடப்பதுதான் அங்கே பதிவாகியிருக்கிறது.